தோட்டத்துச் சொந்தங்கள் 🌾

காலை 6:12
பெரியப்பா: நேற்று ராத்திரியும் பன்றி வந்துவிட்டது. மக்காச்சோளம் கிழக்கு ஓரம் நாலு சால் போச்சு. நான் பரணில்தான் இருந்தேன். சத்தம் கேட்கிறது, எங்கே என்று தெரியவில்லை. கார்த்தி, நீ செய்கிற டார்ச் ஒன்று வேண்டும் சாமி.

செல்வி அத்தை: ஐயோ அண்ணா. பனியில் உட்காராதீங்க

சரவணன் மாமா: (ரோஜாப்பூ படம்) இனிய காலை வணக்கம் 🙏

6:40
கார்த்தி: செய்து தருகிறேன் பெரியப்பா. எவ்வளவு தூரம் தெரியணும்?

பெரியப்பா: கடைசி வரைக்கும்.

கார்த்தி: கடைசி என்றால்?

பெரியப்பா: பனைமரம்.

மணி சித்தப்பா: பனைமரம் நம்ம பக்கம் அண்ணா. உங்களுக்கு எல்லைக் கல்லோடு முடிகிறது.

செல்வி அத்தை: ஆரம்பிச்சாச்சு

கவிதா: மேப்பில் அளந்தேன். பரணிலிருந்து கல் 260 மீட்டர், பனை 310.

மணி சித்தப்பா: மேப்பில் எல்லை தெரியாது கவிதா

கவிதா: எல்லையை அளக்கவில்லை சித்தப்பா. தூரம்தான்.

6:58
சரவணன் மாமா: எதற்கு மெனக்கெடணும்? இதோ ஆன்லைனில் 1 லட்சம் லூமன், 399 ரூபாய் 👇

கார்த்தி: மாமா, அது பொய். ஒற்றை பேட்டரியில் 1 லட்சம் லூமன் வராது. வந்தாலும் நமக்கு அது வேண்டாம். லூமன் என்பது மொத்த வெளிச்சம், நாலா பக்கமும் சிதறுவதையும் சேர்த்து. தூரம் போவதற்குக் கேண்டெலாதான் கணக்கு, அதாவது ஒரே பக்கமாகப் போகிற வெளிச்சத்தின் காட்டம். பல்பின் ஒளிரும் பரப்பு எவ்வளவு சின்னதோ, அந்தச் சின்ன இடத்திலிருந்து எவ்வளவு காட்டமாக வெளிச்சம் வருகிறதோ, அதோடு பிரதிபலிப்புக் கிண்ணம் எவ்வளவு அகலமோ, அதைப் பொறுத்தது.

பெரியப்பா: ஓஸ் வாயை விரலால் அழுத்துகிற மாதிரி.

கார்த்தி: கிட்டத்தட்ட அதேதான் பெரியப்பா.

செல்வி அத்தை: வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வேன் 7 மணியா 8 மணியா?

கார்த்தி: இப்போது 310 மீட்டர் என்று வைப்போம். அங்கே 1 லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) விழுந்தால் பன்றி அசைவது தெரியும். அதற்குத் தூரத்தைத் தூரத்தாலேயே பெருக்கணும்: 310 × 310 = 96,100. அதாவது 1 லட்சம் கேண்டெலா வேண்டும். டப்பாவில் போடுகிற தூரத்தை நம்பக் கூடாது. ஏ.என்.எஸ்.ஐ. (அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு) கணக்கில் 0.25 லக்ஸ் விழுகிற இடம்தான் கடைசி, பௌர்ணமி நிலா அளவு. 1 லட்சம் கேண்டெலாவுக்கு 632 மீட்டர் என்று போடுவார்கள். அதில் பாதியில்தான் உருப்படியாகத் தெரியும்.

மணி சித்தப்பா: 260 போட்டுக் கணக்குப் பார்.

கார்த்தி: 67,600 அப்பா.

மணி சித்தப்பா: அதற்குத் தகுந்த மாதிரி செய்தால் போதும்.

பெரியப்பா: பன்றி கல்லைப் பார்த்து நிற்குமா மணி?

கவிதா: 😂😂

மணி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

7:25
கார்த்தி: என்னிடம் மூன்று பல்பு இருக்கிறது. மூன்றையும் அதே 45 மி.மீ. கிண்ணத்தில் வைத்து 5 மீட்டர் தள்ளிச் சுவரில் லக்ஸ் மீட்டர் பிடித்தேன். வந்ததை 25ஆல் (5 × 5) பெருக்கினால் கேண்டெலா. கிரீ எக்ஸ்.ஹெச்.பி.70: 1,200 லக்ஸ், அதாவது 30 ஆயிரம்தான். உள்ளே நாலு சிப், மேலே குமிழ். களமே வெளுக்கும், பனைமரம் தெரியாது. லூமினஸ் எஸ்.எஃப்.டி.40: குமிழ் இல்லை, 4,000 லக்ஸ், 1 லட்சம். ஆஸ்ராம் டபிள்யூ1: ஒளிர்கிற இடமே 1 சதுர மி.மீ., மிளகில் பாதிகூட இல்லை. 8,000 லக்ஸ், 2 லட்சம். ஆனால் இரண்டு மடங்கு கேண்டெலாவுக்குத் தூரம் 1.4 மடங்குதான் கூடும். இரண்டு மடங்கு தூரம் போக நாலு மடங்கு வேண்டும்.

சரவணன் மாமா: அப்போ டபிள்யூ1 தான். பெரியதாகவே செய்

கார்த்தி: அதில் ஒரு வம்பு. வட்டம் ரொம்பச் சின்னது. அங்கே ஒரு புள்ளி மாதிரி விழும்.

செல்வி அத்தை: பன்றியைத் தேடுவதற்குள் விடிந்துவிடும்

கார்த்தி: அதேதான் அத்தை. எஸ்.எஃப்.டி.40தான் என் முடிவு. கூடவே பக்கத்து வரப்பும் தெரியும், பாம்பு பூச்சி பார்க்கலாம்.

பெரியப்பா: போன கெடா வெட்டுக்குச் செய்த மாதிரி ஆகிவிடாதே?

கவிதா: நீல விளக்கு!! 😂

செல்வி அத்தை: சாமி முகமெல்லாம் நீலமாகி, ஐயர் பயந்துபோனார்

கார்த்தி: அது 3 வருடம் முன்னால்! அடியில் சாதா அலுமினியத் தகடு, நடுவில் சூடு கடத்துகிற பேஸ்ட் போடவில்லை, சூடு இறங்க வழியில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் பல்பு நீலமாகத்தான் போகும். இப்போது செம்புப் பலகை. பல்பின் அடிப்பாகம் நேராகச் செம்பில் ஈயம் வைத்து ஒட்டியது. 5 ஆம்பியருக்கு மேல் தரமாட்டேன். 21700 பேட்டரி (21 மி.மீ. அகலம், 70 மி.மீ. நீளம்), 5,000 எம்.ஏ.ஹெச். முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம். விட்டு விட்டு அடித்தால் ராத்திரி முழுக்க வரும்.

சரவணன் மாமா: என் பழைய லேப்டாப் பேட்டரி கிடக்கிறது, வேண்டுமா?

கார்த்தி: வேண்டவே வேண்டாம் மாமா.

பெரியப்பா: நடுவில் வடை ஓட்டை மாதிரி கருப்பாக வந்ததே, அது?

கார்த்தி: பல்பு கிண்ணத்தில் சரியான ஆழத்தில் உட்காராததால் வந்தது. அடியில் வைக்கிற பிளாஸ்டிக் வளையத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். அரை மி.மீ. மாறினால் போதும், வடை வந்துவிடும்.

செல்வி அத்தை: வளைகாப்புக்கு வடை உண்டா என்று கேட்க வந்தேன்

8:10
பெரியப்பா: சரி. பனியில் எப்படி?

கார்த்தி: பனியில் எது அடித்தாலும் முன்னால் வெள்ளைச் சுவர்தான் பெரியப்பா. கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்காமல் இடுப்பில் வைத்து அடியுங்கள், கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம், யானை வந்தால்...

பெரியப்பா: யானை கண்ணில் அடிக்க நான் என்ன பைத்தியமா. காட்டுப் பக்கமும் அடிக்க மாட்டேன். வேட்டைக்கு வந்தவன் என்று ஃபாரஸ்டர் வந்து நிற்பான். எவ்வளவு ஆகும்?

மணி சித்தப்பா: காசெல்லாம் வேண்டாம் அண்ணா

பெரியப்பா: உன்னைக் கேட்கவில்லை.

செல்வி அத்தை: 😐

கார்த்தி: வெள்ளிக்கிழமை எஸ்.எஃப்.டி.40, டபிள்யூ1 இரண்டு டார்ச் தலையும் கொண்டு வருகிறேன். இருட்டியதும் பரணில் ஏறிப் பனைமரத்தில் அடித்துப் பார்த்து முடிவு செய்வோம்.

மணி சித்தப்பா: பனைமரத்தில் அடிக்கிறதாக இருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடியுங்கள்.

பெரியப்பா: நீயும் வா. கல் எங்கே இருக்கிறது என்று அந்த வெளிச்சத்தில் காட்டு.

கவிதா: 🍿

செல்வி அத்தை: வேன் 7ஆ 8ஆ, யாராவது சொல்லுங்க

சரவணன் மாமா: 👍