மறுமொழி: வெலிங்டன் கட்டுரையில் வரும் ‘ஜியோடெடிக்’ – பின்னற்கட்டு என்று வைக்கலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நான்கு நாட்களாக இந்த இழையில் வந்த மடல்களைப் படித்துவிட்டு, நேற்றிரவு, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் விமானமான வெலிங்டன் குண்டுவீச்சு விமானக் கட்டுரையின் வரைவையும் முழுதாகப் படித்தேன். வரைவு நன்றாக வந்திருக்கிறது. ‘குண்டுவீச்சு விமானம்’ என்பது நாளிதழ்களிலேயே பழகிய சொல், அதைச் சுருக்க வேண்டியதில்லை. ஊர்ப்பெயர் போலவே ‘வெலிங்டன்’ என்று எழுதியதும் சரி. குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனுக்கும் இந்த விமானத்துக்கும் பெயர் ஒரே பிரபுவிடமிருந்துதான் வந்தது. ஆனால் அதன் உடல் கட்டப்பட்ட முறையைக் குறிக்கும் ‘ஜியோடெடிக்’ என்ற ஆங்கிலச் சொல் வரும் ஒவ்வொரு பத்தியிலும் வாசிப்பு தடுக்குகிறது. இந்த விமானத்தின் சிறப்பே அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது என்பதால், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சரிபார்த்துக்கொள்வோம். ஒரு செய்தித்தாளை விரித்து, மூலைவிட்டமாக ஒரு நேர்கோடு போடுங்கள். அப்புறம் தாளைக் குழலாகச் சுருட்டுங்கள். நேர்கோடு இப்போது குழலைச் சுற்றி ஏறும் திருகாகத் தெரியும். அந்தப் பரப்பை விட்டு விலகாமல் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போக அதுதான் மிகக் குறுகிய வழி. கணிதத்தில் இதைத்தான் ஜியோடெசிக் கோடு என்கிறார்கள். கோளத்தில் இதே வேலையைப் பெருவட்டத்தின் வில் செய்கிறது. நில அளவையாளர்கள் பூமியின் பரப்பில் இந்தக் கோட்டைத் தேடியதால் ‘ஜியோ’ ஒட்டிக்கொண்டது.

பிரிட்டிஷ் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ் 1920களில், வாயுப் பைகளால் மிதக்கும் ஆர்100 என்ற வான்கப்பலை வடிவமைத்தவர். வாயுப் பைகள் விம்மி வெளியே தள்ளாமல் அடக்கி வைக்கும் கம்பிகள் வளைந்த பரப்பின்மேல் எந்த வழியில் ஓட வேண்டும் என்ற கணக்கு அங்கே அவருக்கு வந்தது. அதே எண்ணத்தைப் பிறகு, வெலிங்டனைச் செய்த விக்கர்ஸ் நிறுவனத்தில் விமான உடலுக்குக் கொண்டுவந்தார். அந்தக் கட்டுமானத்தைத்தான் ‘ஜியோடெடிக்’ என்கிறார்கள். டுராலுமின் என்ற அலுமினியக் கலப்புலோகப் பட்டைகள் ஒரு தொகுதி இடப்பக்கமாகவும், இன்னொரு தொகுதி வலப்பக்கமாகவும் உடலைச் சாய்வாகச் சுற்றி ஏறும். இரண்டும் குறுக்கிடும் இடமெல்லாம் சேர்த்து இணைக்கப்பட்டிருக்கும். உடலை முறுக்கினால் ஒரு தொகுதி இழுபடும், மற்றது அமுங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் விசையை மற்றது ஏற்றுக்கொள்ளும். மேலே போர்த்தியது வெறும் ஐரிஷ் லினன் துணி. பட்டைகளின்மேல் மரச் சட்டங்களைத் திருகி, அவற்றில் துணியைப் பொருத்தி, துணி இறுகுவதற்கு ஒரு பூச்சுப் பூசினார்கள். காற்றைச் சீராக வழியவிடுவதுதான் துணியின் வேலை. விமானத்தின் பாரம் அதன்மேல் விழுவதில்லை.

இனி, வந்த பரிந்துரைகள்.

> ஜியோடெசி என்றால் புவியளவையியல். எனவே ‘புவிக்குறுவழிச் சட்டகம்’ என்றால் கணிதத்துக்கும் விமானத்துக்கும் ஒரே சொல்லாகிவிடும்.

ஐயா, நீங்கள் வேர் பார்த்துச் சொல் அமைப்பதில் எனக்கு மூத்தவர், உங்கள் பட்டியல்களில் படித்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. விமானத்தின் விலாவில் புவி எங்கே இருக்கிறது? ஆங்கிலச் சொல் போன பாதையை நாமும் நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணிதக் கோட்டுக்குக் ‘குறுவழிக்கோடு’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம், அது அழகாகவே இருக்கிறது. விமானத்தின் கட்டுமானத்துக்கு வேறு சொல் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், பத்தாம் வகுப்பு மாணவி அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு விமானம் நில அளவைக்குப் போனது என்று நினைப்பாள்.

> ‘வலைச்சட்டகம்’ எளிமையாக இருக்கிறது. படத்தைப் பார்த்தால் வலை போலத்தானே தெரிகிறது?

படத்தில் வலை போலத்தான் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீன் வலையை இழுத்தால் தாங்கும், அமுக்கினால் குவிந்து விழும். வலைக்கு இழுவிசை மட்டும்தான் தெரியும். வெலிங்டனின் பட்டைகள் இரண்டையும் தாங்கியாக வேண்டும், அதில்தான் வாலிஸின் கண்டுபிடிப்பே இருக்கிறது. ‘வலை’ என்று பெயர் வைத்தால் பாதி இயற்பியலைத் தொலைத்துவிடுவோம்.

தொய்வில்லாமல் தன் உருவத்தில் நிற்பது கூடை. இங்கேதான் எனக்குப் பரிசல் நினைவுக்கு வந்தது. ஒகேனக்கலில் பரிசல் பின்னுவதைப் பார்த்தவர்கள் குழுவில் இருப்பீர்கள். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி வட்டமாக வளைத்தால் பரிசல் முடிந்த மாதிரி. ஏறும் ஆட்களின் பாரத்தையும் ஆற்றின் தள்ளலையும் தாங்குவது அந்தப் பின்னல். மேலே போர்த்துவது தண்ணீர் உள்ளே வராமல் இருக்க மட்டும். முன்பு தோலைப் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக்கைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். எதைப் போர்த்தினாலும் பரிசலைத் தாங்குவது பின்னல்தான். வெலிங்டனை இதைவிடச் சுருக்கமாக எனக்கு விளக்கத் தெரியாது.

முதலில் ‘முடைகூடு’ என்றுதான் எழுதி வைத்தேன். ஓலை முடைவது, கூடை முடைவது என்று அருமையான வினை. இரண்டு நாள் கழித்து வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால், ‘முடை’ என்றதும் பண முடையும் முடை நாற்றமும்தான் முன்னால் வந்து நிற்கின்றன. மனமில்லாமல்தான் விட்டேன்.

என் பரிந்துரை: பின்னற்கட்டு.

‘கட்டு’ என்பது கட்டுமானம்தான். செங்கல் கட்டு, கருங்கல் கட்டு என்கிறோம். உடலின் அமைப்பை உடற்கட்டு என்கிறோம். விமானத்தின் உடலும் ஓர் உடல்தானே. பெயரடையாகவும் நிற்கும்: பின்னற்கட்டு விமானம், பின்னற்கட்டு இறக்கை.

இதற்கு ஒரு மறுப்பு வந்திருக்கிறது, வலுவான மறுப்பு.

> பின்னலில் ஓர் இழை மேலே போகும், அடுத்தது கீழே போகும். வெலிங்டனில் பட்டைகள் அப்படிப் போகவில்லை, இணைப்புத் தகடு வைத்துத் தறையாணி அடித்திருக்கிறார்கள். இது பின்னலே அல்ல.

பொறியாளர் பார்வையில் சரிதான். ஆனால் சாலைகளின் பின்னல் என்று எழுதும்போது யாரும் ஒரு சாலையை இன்னொன்றின் அடியில் தேடுவதில்லை. பல கோடுகள் குறுக்கிட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது பின்னல் என்ற பொருளும் தமிழில் வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்திலும் இந்த விமானத்தைக் கூடைப் பின்னலோடு ஒப்பிட்டு எழுதுவது வழக்கம்.

பின்னல் என்றால் கைத்தொழில் நினைவு வரும், நவீன விமானத்துக்குப் பொருந்தாது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வரைவிலேயே பதில் இருக்கிறது. 1943இல் வேல்ஸில் உள்ள பிராட்டன் தொழிற்சாலையில் ஒரு முழு வெலிங்டனை ஒரு நாளுக்குள், 23 மணி 50 நிமிடத்தில், சேர்த்து முடித்தார்கள். வேலை செய்தவர்களில் பெண்கள் ஏராளம். போர் முடியும்வரை பதினோராயிரத்துக்கும் மேல் செய்த விமானம் இது. பின்னல் என்று சொல்வதால் அதன் மதிப்பு குறையாது, பின்னுகிறவர்களின் மதிப்பு வேண்டுமானால் கூடும்.

சொல் நிற்குமா என்பதை வரைவிலேயே வைத்துச் சோதித்தேன். நான் எடுத்துக்கொண்டது ஜேம்ஸ் ஆலன் வார்டு வரும் பத்தி. 1941 ஜூலை 7 இரவு, நியூசிலாந்தின் 75ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவைச் சேர்ந்த வெலிங்டன் ஒன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைத் தாக்கிவிட்டுத் திரும்புகிறது. நெதர்லாந்தின் மேலே ஜெர்மன் போர் விமானம் ஒன்று சுட்டதில் வலப்புற எஞ்சின் அருகே எரிபொருள் கசிந்து இறக்கையில் தீப்பிடிக்கிறது. இணை விமானியான சார்ஜென்ட் வார்டுக்கு வயது 22. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேல் திறப்பு வழியாக வெளியே இறங்குகிறார். வரைவில் இப்போது இருப்பது இது:

> துணியில் துளைகள் இட்டு ஜியோடெடிக் சட்டகத்தில் கால் வைத்து நகர்ந்தார்.

நான் மாற்றி எழுதியது இது: “துணிப் போர்வையைக் காலால் உதைத்துக் கிழித்து, அடியிலிருந்த பின்னற்கட்டில் கால் வைத்தும் கை பற்றியும் இறக்கைக்கு இறங்கினார்.”

இந்த இடத்தில் சொல் வெறும் பெயராக நிற்காமல் நடந்ததை விளக்குகிறது. துணி கிழியும், பின்னல் பிடிமானம் தரும். உலோகத் தகடு போர்த்திய விமானமாக இருந்திருந்தால் அவர் கால் வைக்க இடமே இருந்திருக்காது. பறக்கும் விமானத்தின் விலாவில் ஏணிப்படிகள் இருந்தது பின்னற்கட்டினால்தான். இறக்கையின் ஓட்டையில் கான்வாஸ் உறையைத் திணித்துத் தீயை அடக்கினார், விமானம் ஊர் திரும்பியது. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸை அவருக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹாம்பர்க்கின் மேல் அவர் இறந்துபோனார். இந்தப் பத்தியை நான்கு முறை திருத்தினேன், நான்கு முறையும் அந்தக் கடைசி வாக்கியத்தில் நின்றுவிட்டேன். அதை நீக்கலாம் என்ற கருத்து குழுவில் வந்திருக்கிறது. நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொல்லுக்கு இணைச்சொல்லும் வேண்டும். மேல்தகடே பாரத்தைச் சுமக்கும் வகையை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரெஸ்டு ஸ்கின்’ என்கிறார்கள். அதற்குத் தாங்குதோல் என்று வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும். கூடவே ஒரு சிறு ஒழுங்கையும் கடைப்பிடிக்கலாம்: பாரம் சுமந்தால் ‘தோல்’, சுமக்காமல் மூடியிருந்தால் ‘போர்வை’. அப்போது கட்டுரையின் கடைசிப் பகுதியும் தெளிவாகிவிடும். உயரப் பறக்கும் வகைகளில் உள்ளே காற்றழுத்தம் தேவைப்பட்டபோது துணிப் போர்வையால் அதை அடக்க முடியவில்லை. உடலுக்குள் தனியாக ஓர் அழுத்த அறை வைக்க வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு வந்த வைக்கிங் பயணிகள் விமானத்தில் முதலில் பின்னற்கட்டு இறக்கை வைத்தார்கள், பிறகு தாங்குதோல் இறக்கைக்கு மாறினார்கள். பின்னற்கட்டின் காலம் ஏன் முடிந்தது என்பது இதிலேயே விளங்கிவிடுகிறது.

1939 டிசம்பர் 18 பகுதியில் மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். ஜெர்மன் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனுக்குப் பகல் வெளிச்சத்தில் போன 22 வெலிங்டன்களில் 12 அழிந்தன. வரைவு இதைப் பின்னற்கட்டின் குறை போலச் சொல்கிறது. அது நியாயமில்லை. குண்டு பட்டதும் தானாக அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டிகள் அப்போது அவற்றில் இல்லை, கசிந்த எரிபொருள் பற்றிக்கொண்டது. பக்கவாட்டில் மேலிருந்து பாய்ந்த போர் விமானங்களை நோக்கிச் சுடவும் துப்பாக்கிக் கூண்டுகளால் முடியவில்லை. அந்தத் தொட்டிக்குத் ‘தன்னடைப்புத் தொட்டி’ என்று போட்டிருக்கிறேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இந்த இழப்புக்குப் பிறகுதான் வெலிங்டன்கள் இரவுத் தாக்குதலுக்கு மாறின. 1942 மே 30 இரவு கொலோன் நகரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் தாக்கியபோது அவற்றில் பாதிக்கு மேல் வெலிங்டன்களே. அந்தப் பத்தியில் கீழே இருந்த நகரத்து மக்களைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். இப்போது விமானங்களின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

இன்னொன்று. ‘இந்தியாவிலும் பயன்பட்டது’ என்று வரைவு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் தஞ்சாவூரில்தான் வெலிங்டன்களோடு மறுபடி அமைந்தது. கடல் காவல் அதன் வேலை. தமிழில் வரும் கட்டுரையில் ஊர்ப்பெயர் இருக்கட்டும்.

கடைசியாக, படக்குறிப்பு. 1940 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய வெலிங்டனை 1985இல் மேலே எடுத்தார்கள். இப்போது அது இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. படத்தின் கீழே ‘விமானத்தின் எலும்புக்கூடு’ என்று இருக்கிறது. இந்தச் சொல்லைக் குழு ஏற்றுக்கொண்டால், முதல் மாற்றத்தை அங்கே செய்துவிடலாம்: ‘துணிப் போர்வை நீங்கிய நிலையில் வெலிங்டனின் பின்னற்கட்டு.’ படத்தையும் குறிப்பையும் ஒன்றாகப் பார்க்கிறவருக்கு அடிக்குறிப்பு தேவைப்படாது. வேறு நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வார்டு பத்தியில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஞாயிறு இரவு வரை காத்திருந்து வரைவைத் திருத்துகிறேன்.

அன்புடன்.