தோலுரிப்பா, சட்டைமாற்றமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயிர்களைத் தாக்கும் நூற்புழுக்கள் (nematodes) வளரும்போது மேலுறையை மாற்றிக்கொள்வதற்குத் (moulting) 'தோலுரிப்பு' என்ற சொல்லே போதும் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். பட்டுப்புழுவுக்கு அந்தச் சொல் பழகிவிட்டது, உண்மைதான். ஆனால் நூற்புழுவுக்கு அது பொருந்தவில்லை என்றே எனக்குப் படுகிறது.

வேர்முடிச்சு நூற்புழுவை எடுத்துக்கொள்வோம். முதல் மாற்றம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். வெளியே வருவது இரண்டாம் நிலைப் புழு, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது வேர்நுனி வழியாக நுழைந்து, ஓரிடத்தில் நிலைகொண்டு, சில செல்களைப் பூதாகரமாக வீங்கச் செய்து, அவற்றை உறிஞ்சிப் பருக்கிறது. அதன் பிறகு அடுத்தடுத்து மூன்று மாற்றங்கள். இடையிலுள்ள மூன்றாம், நான்காம் நிலைகளுக்கு உறிஞ்சும் ஊசியே கிடையாது. அதனால் உணவும் இல்லை. இதைவிட முக்கியம், அந்த இரண்டு நிலைகளும் இரண்டாம் நிலையின் பழைய உறைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. ஆண் புழு மறுபடி நூல்போல் நீண்டு, அந்த உறைக்குள் மடங்கிக் கிடந்து, பிறகுதான் வெளியேறுகிறது.

ஆக, மாற்றம் நடந்துவிட்டது, ஆனால் எதுவும் உரிந்து விழவில்லை. இதைத் தோலுரிப்பு என்றால் படிக்கும் மாணவர் குழம்புவார். தவிர, அந்த உறை தோலும் இல்லை. அடியிலுள்ள செல்கள் சுரந்து கட்டிய, செல் இல்லாத போர்வை அது. பழையது செல்களை விட்டு விலகும், அடியில் புதியது உருவாகும், பழையது கழலும். விலகலும் கழலலும் வேறு வேறு நிகழ்ச்சிகள்.

பாம்பு சட்டை உரிக்கிறது என்று நாம் எப்போதும் சொல்லி வருகிறோம். அந்தச் சட்டையையே எடுத்துக்கொள்ளலாம். உறைக்குப் புறச்சட்டை, முழு நிகழ்வுக்குச் சட்டைமாற்றம், முதற்படிக்குச் சட்டைவிலகல், கடைசிப் படிக்குச் சட்டையுரிப்பு. கழன்று கிடப்பதற்கு 'உரி' போதும்; அரவுரி, மரவுரி என்ற பழஞ்சொற்களில் இருப்பதுதான். சட்டை என்றால் உடுப்பு நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். பாம்புச் சட்டை என்று கேட்டு யாரும் பொத்தானைத் தேடுவதில்லையே.

அப்புறம், 'லார்வா' பற்றி. பட்டாம்பூச்சியின் புழுவுக்கும் பூச்சிக்கும் உருவில் ஒட்டே இல்லை. நூற்புழுக் குஞ்சோ பெரும்பாலும் இனப்பெருக்க உறுப்பு முதிராத சிறிய நூற்புழுதான். எனவே லார்வாவுக்கு வழங்கும் 'குடம்பி' என்ற சொல் இங்கே வேண்டாம், 'இளம்புழு' என்போம். இரண்டாம் நிலை இளம்புழு, மூன்றாம் நிலை இளம்புழு என்று எண்ணவும் வசதி. வேர்முடிச்சுப் பெண் புழு பேரிக்காய் வடிவத்துக்கு உப்பிவிடுவது உண்மைதான். அதற்காக இந்தச் சொல்லை விட வேண்டியதில்லை.

'சட்டைவிலகல்' மட்டும் எனக்கே இன்னும் நிறைவாக இல்லை. செல்லிலிருந்து உறை பிரிவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.