அம்மாவோடு ஆல்ப்ஸ் நடை: இரண்டு கணவாய்கள் பற்றி ஆலோசனை தேவை

வணக்கம். ஜூன் கடைசி வாரம் நானும் அம்மாவும் சுவிட்சர்லாந்தில் வழிகாட்டி இல்லாமல் ஊர் ஊராக நடக்கப் போகிறோம். மெய்ரிங்கனில் தொடங்கி கிரிண்டெல்வால்ட், லாட்டர்புரூனன், கிரீஸால்ப் வழியாகக் காண்டர்ஷ்டேக் வரை. முதல் இரண்டு நாள் கவலையில்லை. வழியில் வரும் கிளைன ஷைடெக் கணவாய் 2,061 மீட்டர் உயரம்தான், முடியாவிட்டால் அங்கேயே ரயில் ஏறிவிடலாம்.

பயமெல்லாம் அதற்கப்புறம்தான். அடுத்து வரும் இரண்டு கணவாய்களில் செஃபினன்ஃபுர்கே 2,612 மீட்டர், ஹோட்யூர்லி 2,778. அந்த நேரத்தில் மேலே பனி கிடக்குமா? போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அம்மாவுக்கு வயது 61. தினமும் எட்டு கிலோமீட்டர் நடப்பவர், ஆனால் இறக்கத்தில் இடது முழங்கால் பிடித்துக்கொள்ளும். வீட்டில் மாடிப்படி இறங்கும்போதே கை தானாகச் சுவரைத் தேடும். செஃபினன்ஃபுர்கேயின் செங்குத்தான மரப்படிகளைப் படத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. இரண்டு கணவாய்களையும் விட்டுவிட்டு, லாட்டர்புரூனனுக்கு மேலே இருக்கும் மூரன் என்ற ஊரில் தங்கி அக்கம்பக்கம் நடந்தால் போதுமா? அம்மாவோ முழுசாக நடந்தே தீருவேன் என்கிறார்.

மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இல்லை, நேரம்தான் போட்டிருக்கிறார்கள். நாலு மணி நேரம் என்று இருந்தால் எங்கள் நடைக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும்? பையை அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிய அனுபவம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் அறைகளை உறுதி செய்தாக வேண்டும்.