கூழ்த் தொகுதியை நிறுத்தினால் பகை வருகிறது

கேள்வி: கிருஷ்ணகிரி அருகே ஒரு மாங்கூழ் ஆலையில் தரப் பரிசோதகராகச் சேர்ந்து இரண்டு பருவங்கள் ஆகின்றன. பெங்களூரா மாம்பழக் கூழின் பிரிக்ஸ் அளவு, அதாவது அதில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு, 14-க்குக் கீழே இறங்கினால் அந்தத் தொகுதியை (ஒரே தடவையில் தயாரான கூழை) நிறுத்திவைப்பது என் பொறுப்பு. ஆனால் அப்படி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் உற்பத்திப் பிரிவின் மூத்தவர்கள் என்னோடு பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். கடமையிலும் வழுவாமல் அவர்களின் நல்லெண்ணத்தையும் எப்படிப் பெறுவது?

மறுமொழி 1: செய்தி அவர்களுக்கு மேலாளர் வழியாகப் போகிறதா? அப்படியானால் கோபம் வரத்தான் செய்யும். நான் பிரிக்ஸை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரோடு நேரே உற்பத்தி லைனுக்குப் போய், பொறுப்பாளர் கையிலேயே கொடுத்து, "அண்ணா, நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்பேன். ஒரு சொட்டுக் கூழை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அளவைக் காட்டும் கோட்டைத் தம் கண்ணால் கண்டவர் எவரும் பிறகு வாதாடியதில்லை.

மறுமொழி 2: மாதிரியை ஆறவைத்துத்தான் அளக்கிறீர்களா? 20 பாகை செல்சியசுக்கு ஏற்ப அமைந்த கருவி, சூடான கூழில் அளவைக் குறைத்தே காட்டும். அப்படித் தவறாக ஒரு தொகுதியை நிறுத்திய நான், மறுநாள் ஷிஃப்ட் தொடக்கத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதை ஒப்புக்கொண்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. அதன்பின் நான் நிறுத்தியபோது யாரும் முகம் சுளிக்கவில்லை.

கேட்டவர்: அவசரத்தில் சூடாகவே அளந்திருக்கிறேன். நாளை முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.