ஆட்டோகேடில் ஊறிய வடிவமைப்புக் குழுவுக்கு பிம் பயிற்சியை எப்படி அமைப்பது?

வரைமேசை (கேள்வி):

எங்கள் நிறுவனத்தில் கட்டடக் கலைஞர்கள், கட்டமைப்புப் பொறியாளர்கள், குளிரூட்டல், மின்சாரம், குழாய் அமைப்பு ஆகியவற்றை வடிவமைக்கும் பொறியாளர்கள் என மூன்று பிரிவினரும் சேர்ந்து பணிபுரிகிறோம். ஏறத்தாழ அனைவரும் கோடுகளால் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளிலேயே ஊறியவர்கள். வரைபடங்களுடன் பிம் மாடலையும் (கட்டடத்தின் உறுப்புகளை அவற்றின் தகவல்களோடு காட்டும் முப்பரிமாண மாதிரி) ஒப்படைக்க வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கத் தொடங்கியிருப்பதால், வெளியிலிருந்து பயிற்றுநரை வரவழைத்து எல்லோருக்கும் பிம் மாடல் உருவாக்கும் ரெவிட் மென்பொருளில் வகுப்பு நடத்தினோம். வகுப்பின் முடிவில் ஒவ்வொருவரும் ஒரு வீட்டைச் சுவர் முதல் கூரை வரை எழுப்பிக் காட்டினார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பியதும் வடிவமைப்பு முழுவதும் பழையபடி ஆட்டோகேடில்தான் முடிகிறது. பிறகு இளையவர் ஒருவர் அந்த வரைபடங்களைப் பார்த்து மாடலை உருவாக்குகிறார். வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். பயிற்சியை எப்படி மாற்றி அமைக்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மாடல் ஒருங்கிணைப்பாளர்:

தனி ஒருவர் தனிக் கோப்பில் வீடு கட்டும் பயிற்சியில் பிம்மின் கடினமான பகுதி எதுவும் தலைகாட்டாது, ஏனெனில் அங்கே இன்னொருவருடைய மாடல் இல்லை. முதல் வகுப்பிலேயே மூன்று பிரிவினரையும் ஒன்றாக உட்காரவைத்து, கிரிட் (தூண்களின் இடத்தைக் குறிக்கும் அச்சுக்கோடுகள்), தளமட்டங்கள், பொது ஆயத்தொலைவுகள் ஆகியவற்றை ஒரே கட்டடத்துக்கு நிறுவச் சொல்லுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் தன் வசதிக்காக வேறொரு மூலப் புள்ளியில் தொடங்கியிருந்தால், இரண்டு மாடல்களை இணைத்த கணமே தூண்கள் சுவர்களை விட்டு எங்கோ விலகி நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு ஆயத்தொலைவு பற்றித் தனிப் பாடம் தேவைப்படாது.

அடுத்து மோதல் சோதனை, அதாவது வெவ்வேறு பிரிவினரின் மாடல்களில் உள்ள உறுப்புகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று பார்ப்பது. நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருளில் சோதனையை ஓட்டுவதற்குச் சிறிது நேரம் போதும். வந்து விழும் நூற்றுக்கணக்கான மோதல்களில் எது உண்மையானது, யார் விலக வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டிய திறன். உதாரணமாக, ஒரே பீமின் அடியில் கழிவுநீர்க் குழாய், குளிரூட்டல் டக்ட் (காற்று செல்லும் குழல்), கேபிள் ட்ரே (மின்கம்பிகளைத் தாங்கும் தட்டு) மூன்றும் ஒரே உயரத்துக்குப் போட்டியிடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கழிவுநீர் சரிவை நம்பியே ஓடுவதால் அந்தக் குழாயைத் தூக்கவோ வளைக்கவோ எளிதில் முடியாது. டக்டை அகலமாக்கி உயரத்தைக் குறைக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கேபிள் ட்ரேதான் எளிதில் வழிவிடும். இந்தத் தீர்ப்பை வழங்கக்கூடியவர் அனுபவமிக்க பொறியாளரே தவிர, மென்பொருளில் வேகமாகக் கை ஓடும் இளையவர் அல்லர். ஆகவே மூத்தவர்கள் இல்லாமல் நடத்தும் பயிற்சி பாதிப் பயிற்சிதான்.

நெடுங்கோடு:

மேலே கூறப்பட்டதை வழிமொழிகிறேன். ஆனால் மூத்தவர்களுக்குச் சுவர் வரையக் கற்றுக்கொடுத்து அவர்களுடைய பொறுமையைச் சோதிக்க வேண்டாம். அவர்கள் கற்க வேண்டியவை 2018இல் வெளியான, பிம் தகவல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் முதல் இரண்டு பகுதிகளில் உள்ளன: உரிமையாளரின் தகவல் தேவைகளைப் படிப்பது, அதற்கு விடையாக பிம் செயல்திட்டம் எழுதுவது, ஒரு கோப்பு எப்போது ‘வேலையில் உள்ளது’ என்ற நிலையிலிருந்து ‘பகிரப்பட்டது’ என்ற நிலைக்கு நகரலாம் என்று முடிவெடுப்பது.

எல்ஓடி, அதாவது மாடலின் உறுப்பு எந்த அளவு விவரத்தோடு உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் நிலை, பற்றியும் அவர்களுக்குத் தெளிவு வேண்டும். 100 முதல் 500 வரையுள்ள அந்த எண்கள் மாடலின் தனித்தனி உறுப்புகளுக்கு உரியவை. ‘முழு மாடலும் எல்ஓடி 400’ என்று ஒப்பந்தத்தில் எழுத ஒப்புக்கொண்டால், தயாரிப்பாளர் முடிவு செய்ய வேண்டிய விவரங்களையெல்லாம் வடிவமைப்பாளர்களே மாடலில் காட்ட வேண்டிய நிலை வரும். (கதவுக் கைப்பிடியின் திருகாணி வரை மாடலில் வைத்துவிட்டு, கதவு எண்ணை நிரப்பாமல் விட்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.)

வரைமேசை:

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் உள்ளன. பயிற்சிக்கு நடப்பில் உள்ள திட்டத்தை எடுப்பதா, முடிந்துபோன திட்டத்தை எடுப்பதா? கற்றுக்கொண்டார்களா என்பதை எப்படிச் சோதிப்பது?

மாடல் ஒருங்கிணைப்பாளர்:

நடப்புத் திட்டத்தையே எடுங்கள். முடிந்த திட்டத்தில் எல்லா முடிவுகளும் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால், அது பார்த்து எழுதும் பயிற்சியாகவே முடியும்.

தூணும் துலாமும்:

இதில் நான் சற்று மாறுபடுகிறேன். ஒப்படைக்கும் நாள் நெருங்கும்போது குழு கைப்பழக்கத்துக்கே திரும்பும். முழுத் திட்டத்தையும் பயிற்சிக்களமாக்கினால் உங்கள் அலுவலகத்தில் இப்போது நடப்பதுதான் மீண்டும் நடக்கும். நடப்புத் திட்டத்தில் ஒரு மாடியையோ இயந்திர அறையையோ மட்டும் ஒதுக்கி, அந்தப் பகுதிக்கான வரைபடங்கள் மாடலிலிருந்து மட்டுமே வெளியாக வேண்டும் என்று விதி வையுங்கள். மாடலில் முடிவுகளை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருப்பதால் தொடக்கக் கட்டத்தில் உழைப்பு கூடும். கட்டடக் கலைஞர் பேட்ரிக் மக்லீமியின் பெயரால் அறியப்படும் வளைகோடு சொல்வதும் இதைத்தான். அந்தக் காலத்துக்கு நிர்வாகம் கூடுதல் நேரம் ஒதுக்கவில்லையென்றால் எந்தப் பயிற்றுநரை அழைத்தும் பயனில்லை.

சோதனைக்கு என் வழி இது. அந்தப் பகுதியின் மாடலை ஐஎஃப்சி கோப்பாக (வெவ்வேறு பிம் மென்பொருள்களுக்கிடையே பரிமாறுவதற்கான பொது வடிவம்) ஏற்றுமதி செய்து, அதை உருவாக்கிய மென்பொருளில் அல்லாமல் வேறொரு பார்வைச் செயலியில், வேறொரு பிரிவைச் சேர்ந்தவரைத் திறக்கச் சொல்லுங்கள். தீத்தடுப்புக் கதவுகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்று அந்தக் கோப்பை மட்டும் வைத்து அவர் பட்டியலிட வேண்டும். அது வரைபடத்தில் உள்ள கதவு அட்டவணையுடன் ஒத்துப்போக வேண்டும். அவசரத்துக்கு ரெவிட்டின் ‘ஜெனரிக் மாடல்’ என்ற பொதுவான வகையில் செய்த சுவரோ கதவோ, யாரும் தனியாக வகை குறிக்காவிட்டால், ஐஎஃப்சியில் அடையாளமற்ற ‘ப்ராக்ஸி’ உறுப்பாகவே வந்து நிற்கும். திரையில் அது அச்சு அசலாகக் கதவு போலவே தெரியும். பட்டியலில் மட்டும் இருக்காது. முதல் சோதனையில் பட்டியல் ஒத்துப்போகாவிட்டால் கவலைப்பட வேண்டாம். விடுபட்ட கதவுகள் எந்தெந்த வகையில் செய்யப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். அடுத்த வகுப்பின் பாடம் அதிலேயே கிடைத்துவிடும்.