பார்த்து முடித்தும் விடாத ஒரு காட்சி: ஐரோப்பியப் படம், சீரியல், ஆவணப்படம் (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

நுங்கம்பாக்கம் கடைசி வரிசை

டெக்கலாக், முதல் பகுதி. கதை தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள் என்று நினைத்து நேராக விஷயத்துக்கு வருகிறேன். கியெஸ்லோவ்ஸ்கி போலந்துத் தொலைக்காட்சிக்கு எடுத்த பத்துப் பகுதிகளில் எல்லாரும் ஐந்தாவதைத்தான் பேசுவார்கள், அந்த டாக்ஸி டிரைவர் கொலை. என்னைப் பிடித்துக்கொண்டது முதல் பகுதி. அப்பா கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார். குளத்தில் உறைந்த பனி, பையனைப் போல மூன்று மடங்கு எடையைத் தாங்கும் என்று வருகிறது. அதோடு விடாமல் ராத்திரி தானே போய் அதன் மேல் நடந்தும் பார்க்கிறார். மறுநாள் எழுதிக்கொண்டிருக்கும்போது காகிதத்துக்கு அடியிலிருந்து மசி பரவுகிறது, மசிப்புட்டியில் விரிசல். எழுந்து போய்க் கை கழுவுகிறார். வெளியே தீயணைப்பு வண்டிச் சத்தம் கேட்கிறது, அவர் கழுவிக்கொண்டு நிற்கிறார். பனி உடைந்து பையன் மூழ்கிவிட்டது அவருக்கு இன்னும் தெரியாது.

நான் கட்டட வேலையில் இருப்பவன். எது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டுக் கையெழுத்து வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அந்த அப்பா கணக்கில் எந்தத் தப்பும் செய்யவில்லை, சரிபார்க்கவும் செய்தார், இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? சாமி குத்தம் என்று எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பத்துக் கட்டளைகளை வைத்து எடுத்த தொடர்தான். எனக்கு அது போதவில்லை. சைட்டில் கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்த சென்டரிங்கைப் பிரிக்கும் நாளெல்லாம் அந்த வாஷ்பேசின் ஞாபகம் வந்துவிடுகிறது.

உங்களுக்கு எது?

ஸ்டுட்கார்ட் ஞாயிறு

கியெஸ்லோவ்ஸ்கி, பெர்க்மன் எல்லாம் சரி. ஐரோப்பாவில் சனங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து என்ன பார்க்கிறார்கள் என்று ஒருவராவது எழுத வேண்டாமா? டாட்டோர்ட், ஜெர்மன் டிவியின் போலீஸ் தொடர். 1970 முதல் ஓடுகிறது, ஞாயிறு ராத்திரி எட்டேகால், ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஒரு கொலை. ஒவ்வொரு வட்டாரத்து டிவி நிலையமும் தன் ஊர் போலீஸ் ஜோடியை வைத்து எடுக்கும். ஒரு வாரம் ஸ்டுட்கார்ட், அடுத்த வாரம் வேறு ஊர், திடீரென்று வியன்னா. ம்யூன்ஸ்டர் ஊர்க் கதை என்றால் பாதி காமெடி.

படிக்க வந்த புதிது. ஹாஸ்டல் பொது அறையில் எட்டு மணிச் செய்தி முடிகிற நேரம், பக்கத்தில் இருந்தவனிடம் வாஷிங் மெஷினுக்கு எங்கே டோக்கன் வாங்குவது என்று கேட்டேன். டிவியில் அந்த இரண்டு கண்ணும் குறிபார்க்கும் வட்டமும் வந்தது. அவன் திரும்பவே இல்லை. அறையில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட என் பக்கம் பார்க்கவில்லை. வந்ததிலிருந்து 'தயவுசெய்து', 'நன்றி' என்று குழைந்துகொண்டிருந்த கூட்டம் அது.

பிறகு பப்பில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கவும் பழகிவிட்டேன். அங்கே கொலைகாரன் யார் என்று பந்தயம் கட்டுவார்கள். வயதான ஒரு அம்மா முதல் அரை மணியிலேயே சொல்லிவிடுவார். எப்படி என்று கேட்டதற்கு, தெரிந்த முகம் ஒன்று சின்ன வேஷத்தில் வந்து ஒன்றுமே செய்யாமல் போனால் அவன்தான் என்றார். இதை நம்மூர் டென்ட் கொட்டகையிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்களே!

ஒரு குறை மட்டும் உண்டு. இங்கே வெளிநாட்டுப் படம் எல்லாமே டப்பிங். ராபர்ட் டி நீரோவுக்கு கிறிஸ்டியன் ப்ரூக்னர் என்பவர்தான் பல வருடமாகக் குரல், டி நீரோவின் சொந்தக் குரலைக் கேட்டால் இங்கே பலருக்கு ஏதோ போலி மாதிரி இருக்கும். முதல் பதிவுக்காரர் சொல்லும் போலந்து அப்பாவையும் இங்கே ஜெர்மன் பேச வைத்துவிடுவார்கள். டேனிஷ், ஸ்வீடிஷ்காரர்கள் இந்த விஷயத்தில் யோக்கியம், எழுத்துப் போட்டுவிட்டு அசல் குரலை விட்டுவிடுகிறார்கள். 'தி பிரிட்ஜ்' தொடரில் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே விசாரிப்பார்கள், அதை டப்பிங்கில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

வார்டு நைட் டூட்டி

ஐரோப்பியப் படம் என்றாலே குளமும் பனியும் அமைதியும் என்று நினைக்கும் அண்ணன்மார் ருமேனியாவின் 'கலெக்டிவ்' பாருங்கள். அலெக்ஸாண்டர் நனாவ் எடுத்த ஆவணப்படம், 2019. புக்கரெஸ்ட்டில் ஒரு இரவு விடுதி, 2015 அக்டோபர் 30, கச்சேரி நடக்கும்போது தீ. அன்று ராத்திரி செத்தவர்களைவிடப் பிறகு ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் செத்தவர்கள் அதிகம். காரணம் தீக்காயத்தில் ஏறிய கிருமி. கிருமிநாசினியில் தண்ணீர் கலந்திருந்தார்கள், பத்து மடங்கு வரைக்கும். இதைத் தோண்டி எடுத்தது ஒரு விளையாட்டுப் பத்திரிகை! பின்னணிக் குரல் கிடையாது, கேமராவைப் பார்த்து யாரும் விளக்கம் சொல்வதும் கிடையாது. நிருபர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதை நாமும் ஒரு ஓரமாக நின்று கேட்கிற மாதிரிதான் போகும்.

எல்லாரும் அந்தப் புழு வீடியோவைச் சொல்வார்கள். நோயாளியின் காயத்தில் புழு நெளிவதை ஆஸ்பத்திரியிலேயே எடுத்து ஒரு பெண் மருத்துவர் நிருபரிடம் கொண்டு வந்து கொடுப்பார். என்னால் தாங்க முடியாதது அதுவல்ல, அந்தத் தண்ணீர்க் கணக்குதான். முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கையில் தேய்க்கும் மருந்து திடீரென்று மாறியது. நல்ல சரக்கு என்றால் தேய்த்ததும் சில்லென்று இருக்கும், இருபது முப்பது நொடியில் காய்ந்துவிடும். இது பிசுபிசுவென்று நின்றது, வாசனையும் இல்லை. ஸ்டோரில் கேட்டேன். "கம்பெனி மாற்றியிருக்கோம் சிஸ்டர், நீங்க போடுங்க" என்றார்கள். போட்டேன், தீக்காய வார்டில். வேறென்ன செய்ய?

படம் பார்த்தது அங்கிருந்து வந்து ரொம்ப நாள் கழித்து. கலந்திருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதும் டூட்டிக்குப் போனவுடன் முதல் வேலையாக அந்தப் பாட்டிலை அமுக்கி மோந்து பார்க்கிறேன், கூட வேலை செய்யும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மார்த்தாண்டம் தேன்

ஹனிலேண்ட். வடக்கு மாசிடோனியாவின் ஆவணப்படம். பாறை இடுக்கில் பலகைக்கல்லை எடுத்துவிட்டு வெறுங்கையால் அடையை எடுப்பாரே அந்த அம்மா, ஹதிஜே, "பாதி உங்களுக்கு, பாதி எனக்கு" என்று தேனீயிடமே சொல்லிக்கொண்டு. எடுத்தவர்களுக்கு அவர் பேசும் துருக்கி மொழி தெரியாதாம், மூன்று வருடம் கூடவே இருந்து எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் வந்து குடியேறும் குடும்பத்தின் பெரிய பையன் ஒருத்தன் இந்த அம்மா பின்னாலேயே திரிவான், பிறகு அப்பாவிடம் மல்லுக்கு நிற்பான். அந்த அப்பாவைத் திட்டாதீர்கள். வீடு நிறையப் பிள்ளை, வியாபாரி வந்து இன்னும் கொடு என்று நெருக்குகிறான். எங்கள் ஊரில் அப்படி எத்தனையோ பேர். அந்தப் பையன் முகம்தான் எனக்கு மறக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், படம் பார்த்துவிட்டுத் தேன் பெட்டி வாங்கி மாடியில் வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. தயவுசெய்து கேளுங்கள். படத்தில் பக்கத்துக் குடும்பத்தின் தேனீ அந்த அம்மாவின் தேனீயைக் கொன்றது விதி இல்லை, பசி. இருந்த தேனை முழுக்க வழித்துவிட்டால் அது பக்கத்துப் பெட்டியில் திருடத்தான் போகும். ஆகவே கீழ் அறையில், அதாவது குஞ்சு இருக்கும் அடையில், கை வைக்கவே கூடாது, மேலே இருக்கும் தேன் அறையில்தான் எடுக்க வேண்டும். எங்களுக்கு ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனிதான் தேன் காலம். மழைக்காலத்தில் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது, சீனிப்பாகு வைக்க வேண்டும், அதையும் சாயங்காலம்தான் வைக்க வேண்டும், ஒரு சொட்டுகூட வெளியே சிந்தக் கூடாது, சிந்தினால் அடுத்த பெட்டிக்காரி மோப்பம் பிடித்து வந்துவிடுவாள். வாசலை ஒரு தேனீ ரெண்டு தேனீ நுழைகிற அளவுக்குச் சின்னதாக்குங்கள். ஸ்டாண்டு காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்கு. மெழுகுப்பூச்சி வந்த அடையை வெயிலில் காட்டிப் பத்திரப்படுத்தலாம் என்று பார்க்காதீர்கள், எரித்துவிடுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீக்குஞ்சு நோய் வந்து எங்கள் பக்கம் பெட்டி பெட்டியாகக் காலியானது. கடன் வாங்கிப் போட்டவர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள். முதல் வருடம் ரெண்டு பெட்டிக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் கட்டட வேலை சார், பனியின் கனத்தைக் கணக்குப் போட்டார் சரி, அடியில் ஓடும் தண்ணீரின் சூட்டைப் போட்டாரா?

லா சப்பல்

ஸ்டுட்கார்ட் தம்பி, டப்பிங் பற்றி நீர் எழுதியதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 'தீபன்' 2015இல் பாரிஸில் ஓடியபோது அரங்கில் நாங்கள் சில தமிழ் ஆட்கள், மிச்சம் முழுக்கப் பிரெஞ்சுக்காரர். கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனை வாங்கிய பிரெஞ்சுப் படம், ஆனால் பாதிக்கு மேல் கதைப்பது தமிழில். அகதி விண்ணப்ப விசாரணைக் காட்சி வருகிறது. அதிகாரி பிரெஞ்சில் கேட்கிறார், மொழிபெயர்க்க வந்தவரும் தமிழர், அவர் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டுத் தமிழிலேயே தீபனோடு தனியாகக் கதைக்கிறார். அதிகாரி ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் கொஞ்சப்பேர் சிரித்துவிட்டோம். கீழே எழுத்தை வாசித்து முடித்து மற்ற ஆட்கள் சிரிக்க ஒரு கணம் பிந்தியது. முன்வரிசைப் பெண் ஒருவர் திரும்பி எங்களைப் பார்த்தார், கோபமாக இல்லை, நாங்கள் எதற்கு முந்திச் சிரித்தோம் என்று யோசிக்கிற மாதிரி.

நான் அந்த மாதிரி மேசையில் உட்கார்ந்தவன். எனக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லும் கூடக் கதைக்கவில்லை, நான் சொல்வதை அவர் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்க எனக்குப் பிரெஞ்சும் தெரியாது. வெளியே வந்து மெட்ரோவில் சிரிப்பு வரவில்லை.

கடைசிச் சண்டையும் இங்கிலாந்து முடிவும் எனக்குப் பிடிக்கவில்லை, இயக்குநர் ஆடியார் அவசரப்பட்டுவிட்டார். தீபனாக நடித்த ஷோபாசக்தி அண்ணையின் முகத்துக்காகவும் கூட நடித்த காளீஸ்வரிக்காகவும் எத்தனை தடவையும் பார்க்கலாம்.

லெஸ்டர் மழை

நீல். 'செவன் அப்' பார்த்தவர்களுக்குப் பேர் போதும். 1964இல் கிரனாடா டிவி ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரை எடுத்தது, பிறகு மைக்கேல் ஆப்டெட் ஏழு வருடத்துக்கு ஒருமுறை போய் 2019இல் '63 அப்' வரைக்கும் எடுத்தார். ஏழு வயதில் துள்ளிக் குதித்துக்கொண்டு விண்வெளி வீரன் ஆவேன் என்ற பிள்ளை, இருபத்தெட்டில் வீடு வாசல் இல்லாமல் ஸ்காட்லாந்தில் ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு பேசுகிறான். பழைய துண்டையும் இதையும் அடுத்தடுத்து ஒட்டுகிறார்கள். நான் டிவியை அணைத்துவிட்டேன். என் பெரியவனுக்கு அப்போது ஏழு.

பழைய டைட்டில் கார்டு

அணைத்தது தவறு. அடுத்த பகுதிகளில் அவர் தேறி, உள்ளாட்சி உறுப்பினராகவே ஆனார், கூடப் படத்தில் வந்த புரூஸ் தன் வீட்டில் இடம் கொடுத்தார். பாதியில் அணைக்கிறவர்களால்தான் ஆவணப்படம் என்றால் சோகம் என்று பேர். 'ஷோவா'வைப் பாருங்கள். நாஜிகள் யூதர்களைக் கொன்றது பற்றி லான்ஸ்மன் எடுத்தது, 1985, ஒன்பது மணி நேரத்துக்கு மேல், ஒரு பழைய பிலிம் துண்டுகூடக் கிடையாது. டிரெப்ளிங்கா முகாமில் பெண்களுக்கு முடி வெட்ட வைக்கப்பட்ட ஏப்ரகாம் போம்பா, டெல் அவிவில் ஒரு சலூனில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே சொல்வார். ஒரு இடத்தில் வாய் அடைத்துவிடும். வேண்டாம் என்பார். லான்ஸ்மன் விட மாட்டார், சொல்லித்தான் ஆக வேண்டும் என்பார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோல் திரும்ப ஆரம்பிக்கும். கேமரா நின்றுபோயிருந்தால் அந்தச் சாட்சியம் இருக்காது. அதை அணைக்க நாம் யார்?

வார்டு நைட் டூட்டி

நோயாளி வேண்டாம் என்றால் நாங்கள் ஊசியையே கீழே வைத்துவிடுவோம் ஐயா.

பழைய டைட்டில் கார்டு

இது ஊசி இல்லை அம்மா. அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்த சலூனையே படத்துக்காக வாடகைக்கு எடுத்தார்கள், என்ன கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்துதான் கத்தரியைக் கையில் எடுத்தார். வளர்ந்த மனிதர்.

லெஸ்டர் மழை

அதைத்தானே நானும் சொல்கிறேன், அவர் வளர்ந்த மனிதர். நீலுக்கு ஏழு வயது, யார் கேட்டுக்கொண்டு எடுத்தார்கள்? '49 அப்'பில் ஜாக்கி, ஆப்டெட்டை உட்கார வைத்து நேருக்கு நேர் சண்டை போடுவார், இத்தனை வருடமாக என்னிடம் நீங்கள் கேட்கும் கேள்வி சரியில்லை என்று. அதை வெட்டாமல் போட்டதற்கு ஆப்டெட்டுக்கு ஒரு கும்பிடு. பிரான்ஸில் ஒரு கிராமப் பள்ளி வாத்தியாரை வைத்து நிக்கோலா ஃபிலிபேர் எடுத்த படம் 2002இல் பிய்த்துக்கொண்டு ஓடியது, பிறகு அந்த வாத்தியாரே பங்கு கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார். அந்தப் படத்தை நான் ரசித்துப் பார்த்தவன், தொடக்கத்தில் ஆமை வகுப்பறையில் ஊர்ந்து போகும் காட்சி உட்பட. வழக்கு விஷயம் தெரிந்த பிறகும் ரசிக்கத்தான் செய்கிறேன், அது வேறு.

நீல் தேறினார் என்று எனக்கும் தெரியும், அணைத்த மறுவாரமே மிச்சத்தையும் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தப் பதினான்கு பேரில் சார்ல்ஸ் இருபத்தொன்றுக்குப் பிறகு வரவே மாட்டேன் என்றுவிட்டார். அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? ஆவணப்படத் தயாரிப்பு. இதற்குப் பதில் சொல்லிவிட்டு அணைத்தது தவறு என்று எழுதுங்கள்.