லாஃபி என்பவர் யார்? அவர் பெயரில் ஏன் ஒரு போர்க்கப்பல்?

பெரம்பூர்_பாலா:
வணக்கம். என் தம்பி கன்டெய்னர் கப்பலில் வேலை செய்கிறான். அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் ஒரு பழைய நாசகாரிக் கப்பலை (டெஸ்ட்ராயர் என்கிற வேகமான போர்க்கப்பல்) படம் எடுத்து அனுப்பினான். பெயர் யுஎஸ்எஸ் லாஃபி, முன்பக்கம் 724 என்று எழுதியிருக்கிறது. அதை "சாகாத கப்பல்" என்று சொல்கிறார்களாம். ஒன்பதாவது படிக்கும் என் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, லாஃபி என்பவர் அட்மிரலா, ஜனாதிபதியா, எதற்கு அவர் பெயர் என்று கேட்கிறாள். நம்மிடம் ஐஎன்எஸ் சென்னை என்று ஊர் பெயரில்தானே நாசகாரி இருக்கிறது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், அவளிடமே படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

கடலோடி_ராயபுரம்:
பாலா சார், அட்மிரலும் இல்லை, ஜனாதிபதியும் இல்லை. பார்ட்லெட் லாஃபி ஒரு சாதாரண மாலுமி. அயர்லாந்தில் கால்வே பகுதியில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து, உள்நாட்டுப் போரின்போது வடக்குப் பக்கத்துக் கடற்படையில் சேர்ந்தவர். அவர் இருந்தது மார்மோரா என்ற ஆற்றுப் போர்ப்படகில், அதாவது மெல்லிய இரும்புத் தகடு அடித்த நீராவிப் படகு. 1864 மார்ச் 5 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் யாசூ சிட்டி என்ற ஊரில் சண்டை மூண்டபோது, சக்கரம் வைத்த ஒரு சிறிய பீரங்கியைப் படகிலிருந்து கரையில் இறக்கி, அதை இயக்க ஒரு குழுவையும் அனுப்பினார்கள். எதிரிகளின் துப்பாக்கிக் குண்டுகள் பட்டு பீரங்கி வண்டி சிதைகிறது, மருந்தும் குண்டும் திணிக்கிற தடியே துண்டாகிவிடுகிறது, அப்படியும் லாஃபி பீரங்கியை விட்டு நகரவில்லை. எதிரிகளைப் பின்வாங்க வைத்ததில் அந்தப் பீரங்கிக்குப் பங்கு உண்டு. அதற்காக அவருக்கு அந்த நாட்டின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. 1901-இல் இறந்தார். பெரிய பதவி எதுவும் வகித்தவர் இல்லை, எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான்.

உங்கள் தம்பி பார்த்தது இரண்டாவது லாஃபி. முதலாவது 1942 மார்ச்சில் பணிக்கு வந்து, அதே ஆண்டு நவம்பர் 13 இரவு, இரண்டாம் உலகப் போரில், பசிபிக் கடலில் இருக்கும் குவாடல்கனால் தீவின் அருகே மூழ்கிவிட்டது. ஹியேய் என்ற ஜப்பானிய பெரும் போர்க்கப்பலின் முகப்பை உரசுகிற தூரத்தில் கடந்து போய், அதன் மேல்தளத்தைச் சுட்டுத் தள்ளியது. ஹியேயின் பெரிய பீரங்கிகளை அவ்வளவு கீழே தாழ்த்திச் சுட முடியாத அளவுக்கு நெருக்கம். ஆனால் சற்று நேரத்தில் மற்ற கப்பல்களின் குண்டுகளும் ஒரு டார்பிடோவும் (நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் குண்டு) தாக்கி வெடித்து மூழ்கியது. அந்தப் பெயர் அதோடு போய்விடக் கூடாது என்றுதான் அடுத்த கப்பலுக்கும் அதையே வைத்தார்கள்.

எண்ணூர்க்காரன்:
மேலே நண்பர் ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் 724-ஐப் பற்றிச் சொல்கிறேன். 1944 பிப்ரவரியில் பணிக்கு வந்தது. ஜூனில் பிரான்ஸின் நார்மண்டி கரையில், நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது இருந்தது, அதே மாதம் செர்பூர்க் துறைமுகத்தைத் தாக்கப் போனபோது ஒரு குண்டு கப்பலில் பட்டும் வெடிக்கவில்லை. அப்புறம் பசிபிக்.

பாப்பாவுக்குச் சொல்ல வேண்டிய நாள் 1945 ஏப்ரல் 16. ஜப்பானின் ஒகினாவா தீவில் அமெரிக்கப் படை இறங்கியிருந்த சமயம். பூமி வளைவு காரணமாக ரேடாருக்குத் தாழ்வாகப் பறக்கும் விமானங்கள் தூரத்தில் தெரியாது, அதனால் தீவைச் சுற்றி வெகு தூரத்தில் சில நாசகாரிகளைத் தனித்தனியாக நிறுத்தி, விமானம் வந்தால் முன்கூட்டியே தகவல் சொல்ல வைத்தார்கள். லாஃபிக்குக் கிடைத்தது வடக்கே இருந்த 1-ஆம் நிலை. ஜப்பானிலிருந்து வரும் விமானங்கள் முதலில் பார்ப்பதே அந்தக் கப்பலைத்தான். அன்று காலை எட்டரை மணி வாக்கில் தொடங்கி சுமார் 80 நிமிடம், 22 விமானங்கள் மாறி மாறிப் பாய்ந்தன. 6 காமிகசே விமானங்கள், அதாவது விமானி தன் உயிரைக் கொடுத்துக் கப்பல்மேல் மோதுகிற தற்கொலை விமானங்கள், மோதின, 4 குண்டுகள் விழுந்தன. சுக்கான் ஒரு பக்கமாக இறுகிப் போய்விட்டது. பின்பக்கப் பீரங்கி நாசம், கப்பலில் தீ, அமெரிக்கப் போர் விமானங்கள் வந்து சேரும்வரை மீதியிருந்த துப்பாக்கிகளோடு மாலுமிகள் போராடினார்கள். 32 பேர் இறந்தார்கள், 71 பேர் காயமடைந்தார்கள். கப்பலைக் கைவிடலாமா என்று ஓர் இளம் அதிகாரி கேட்டதற்கு, சுட ஒரு துப்பாக்கி இருக்கும்வரை கைவிட மாட்டேன் என்றார் கேப்டன் பெக்டன். அந்த மனிதர் 1943-இல் ஆரன் வார்டு என்ற தன் நாசகாரி மூழ்கியதைக் கண்ணால் பார்த்தவர். அதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பதிலின் கனம் புரியும்.

இழுத்துக்கொண்டு போய்ப் பழுதுபார்த்தார்கள். கொரியப் போருக்கும் போனது. 1975-இல்தான் ஓய்வு.

மயிலாப்பூர்_விஜி:
பாலா அண்ணா கேட்ட இன்னொரு விஷயம். நம் கடற்படையில் நாசகாரிகளுக்கு டெல்லி, மைசூர், கொல்கத்தா, கொச்சி, சென்னை என்று நகரப் பெயர்கள், அதற்கு முன் ராஜ்புத், ராணா, ரண்வீர் வரிசை. ஐஎன்எஸ் சென்னை 2016 நவம்பர் 21 அன்று சேர்ந்தது, 164 மீட்டர் நீளம். ஊர் பெயர் இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நம் போர்க்கப்பல் ஐஎன்எஸ் குக்ரியை நினைத்துப் பாருங்கள், பாகிஸ்தானுடன் நடந்த போரில் 1971 டிசம்பர் 9 அன்று அது மூழ்கியபோது 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் முல்லா கப்பலை விட்டு வரவே இல்லை. அவர்களில் ஒரு மாலுமியின் பெயராவது ஒரு போர்க்கப்பலில் இருக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

கடலோடி_ராயபுரம்:
விஜி, போர்க்கப்பலில் இல்லையே தவிர, சரக்குக் கப்பலில் நாம் செய்திருக்கிறோம். 1980-களில் நம் அரசு நிறுவனமான ஷிப்பிங் கார்ப்பரேஷன் தன் 15 எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர் வைத்தது, லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா உட்பட. 2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்கும் அப்படியே பெயர் வைத்தார்கள், நம் பரங்கிமலையில் பயிற்சி பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் அதில் உண்டு. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு நாசகாரிக்கும் வைக்கலாம்.

பெரம்பூர்_பாலா:
எல்லோருக்கும் நன்றி. மகள் இரண்டு முறை படித்தாள். தம்பி அடுத்த முறை போனால் கப்பலுக்குள் ஏறிப் பார்க்க முடியுமா?

எண்ணூர்க்காரன்:
முடியும் சார், டிக்கெட் வாங்கி ஏறலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேட்ரியட்ஸ் பாயிண்ட் என்று கேட்கச் சொல்லுங்கள், யார்க்டவுன் என்ற பெரிய விமானந்தாங்கிக் கப்பலும் அங்கேதான் நிற்கிறது. லாஃபியின் அடிப்பாகம் அரித்து ஓட்டை விழுந்ததால் 2009-இல் ட்ரை டாக்குக்கு (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தளம்) கொண்டு போய்ச் சரிசெய்து, 2012-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பின்பக்கப் பீரங்கிக் கூண்டை உங்கள் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும்.